தள்ளாமை உள்ள முதியோருக்கு ஒரு நலத்திட்டம்: வகுப்பதும் அளப்பதும்

‘தள்ளாத வயசு’ என்று நாம் சொல்லும்போது வயதையும் தள்ளாமையையும் ஒன்றாகவே போட்டுவிடுகிறோம். ஆனால் 82 வயதில் குடம் தூக்கி வரும் பாட்டியும் உண்டு, 66 வயதில் கட்டிலிலிருந்து எழக் கை தேடுகிறவரும் உண்டு. தள்ளாமை என்பது உடலின் சேமிப்பு தீர்ந்துபோன நிலை. மூன்று நாள் வயிற்றுப்போக்கோ, புதிதாக எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையோ மற்றவரை ஒரு வாரம் படுக்க வைக்கும்; இவரை நிரந்தரமாகப் படுக்க வைத்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், அந்தச் சேமிப்பில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்க முடியும். அதற்கான திட்டத்தை எப்படி வகுப்பது, அது பலன் தந்ததா என்று எப்படி அறிவது என்பதே இக்கட்டுரை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், ஆய்வுக்குள் புதிதாக நுழையும் முதுநிலை மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டு வட்டாரம் ஒன்றின் கிராமங்களில் 24 வாரம் நடக்கும் தசைவலு, சமநிலைப் பயிற்சியையும் அதோடு சேர்ந்த புரத உணவையும் எடுத்துக்கொள்வோம்.

இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் மறக்கக் கூடாதது ஒன்று: யாருக்காகத் திட்டம் போடுகிறீர்களோ, அவர்தான் முதலில் கணக்கிலிருந்து நழுவுவார். முகாமுக்கு வரமாட்டார், பயிற்சியைப் பாதியில் விடுவார், கடைசி அளவீட்டன்று மருத்துவமனையில் இருப்பார். அவரை விடாமல் பிடித்து வைப்பதுதான் திட்டத்தின் பெரும்பகுதி உழைப்பு.

யாரைச் சேர்ப்பது

லிண்டா ஃப்ரைட் குழுவினர் 2001-இல் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: ஓராண்டில் தானாக எடை குறைவது (ஏறக்குறைய 4.5 கிலோ அல்லது 5 சதவீதம்), ஓயாத களைப்பு, குறைந்த உடலுழைப்பு, மெதுவான நடை, பிடிவலு (கையால் இறுக்கிப் பிடிக்கும் வலு) குறைவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை. ஒன்றிரண்டு இருந்தால் அதன் முன்நிலை. பிடிவலுவுக்கும் நடைக்கும் ஆசிய உடல்வாகுக்கான எல்லைகளையே பயன்படுத்துங்கள். 2019-இல் ஆசியத் தசைக்குறைவுப் பணிக்குழு தந்த அளவு இது: பிடிவலு ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழ், நடைவேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழ்.

கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் பதில் வராது. “போன வருஷம் எவ்வளவு எடை இருந்தீங்க?” என்றால் பலருக்குத் தெரியாது. “வளையல் முன்னைவிட நழுவுதா? ரவிக்கை தொளதொளன்னு ஆயிடுச்சா? வேட்டி, கைலி இடுப்புல நிக்கலையா?” என்று கேளுங்கள். கைவசம் பழைய மருத்துவச் சீட்டு இருந்தால் அதில் எடை எழுதியிருக்கும். மாடிப்படி இல்லாத ஊரில் “ஒரு மாடி ஏற முடியுமா?” என்பதற்குப் பொருளில்லை. பத்துப் படி உள்ள இடம் ஏதாவது ஊரில் இருக்கும், கோயில் குளத்துப் படி மாதிரி. அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

முகாம் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். முகாமுக்கு நடந்து வருகிறவர் ஏற்கெனவே நடக்க முடிந்தவர். 60 வயதைத் தாண்டியவர்களின் பட்டியலை வீட்டு வரிசைப்படி எடுத்து, வீடு வீடாகப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போகிறவர்கள். எந்த வீட்டில் யார் எழுந்து நடமாடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பகல் பதினொரு மணிக்குப் பூட்டிக் கிடக்கும் வீட்டை ‘ஆள் இல்லை’ என்று எழுதாதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போன பிறகே அப்படி எழுதலாம்.

அடுத்தது, எவ்வளவு தள்ளாமை உள்ளவரைச் சேர்ப்பது என்ற கேள்வி. அமெரிக்காவில் 188 முதியோரிடம் நடந்து 2002-இல் வெளியான வீட்டுப் பயிற்சி ஆய்வில் நடுத்தரத் தள்ளாமை உள்ளவர்களுக்குப் பலன் கிடைத்தது, மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 11 ஐரோப்பிய நாடுகளில் 1,519 பேருடன் நடந்து 2022-இல் வெளிவந்த ஸ்பிரின்ட் ஆய்வு, நிற்பது, நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது ஆகியவற்றை அளக்கும் எஸ்.பி.பி.பி. தேர்வில் (கீழே விவரம் உண்டு) 12-க்கு 3 முதல் 9 வரை பெற்றவர்களைச் சேர்த்தது. அந்த எல்லை புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் பொருந்தும். 0 முதல் 2 வரை பெறுகிறவரைச் சும்மா விட்டுவிட்டு வரக் கூடாது. அவருக்கு வேண்டியது படுக்கைப் புண் வராமல் பார்க்கும் செவிலியரும், கவனிக்கிறவருக்கு ஓய்வும். பெயரை அன்றைக்கே வட்டார வலிநிவாரணப் பராமரிப்புக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

விலக்கும் காரணங்களைக் குறுக்கி வையுங்கள்: ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி, சமீபத்திய எலும்பு முறிவு அல்லது மாரடைப்பு, 180/110-க்கு மேல் நிற்கும் ரத்த அழுத்தம், இன்னும் சில மாதமே என்ற நோய்நிலை. மறதி, காது மந்தம், பார்வைக் குறைவு ஆகியவற்றுக்காக ஒருவரை விலக்கினால் தள்ளாமை உள்ளவர்களையே விலக்கியதாகிவிடும். மறதி உள்ளவரை மகளோடும் மருமகளோடும் சேர்த்து அழையுங்கள்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். தூக்கத்துக்கு அல்பிரசோலம், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சளிக்கு சி.பி.எம். (குளோர்பெனிரமின்) ஆகிய மூன்றும் தள்ளாட்டம் தருபவை. பல வீடுகளில் மூன்றும் ஒரே பையில் இருக்கும். எதையும் நீங்களே நிறுத்தச் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அல்பிரசோலம் மாதிரியானவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு நிற்க வைத்து 1-ஆம் நிமிடமும் 3-ஆம் நிமிடமும் பாருங்கள். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால், அதைச் சரிசெய்த பிறகே நின்றபடி செய்யும் பயிற்சி. சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் பயிற்சிக்கு வரக் கூடாது, சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். கண்புரை இருந்தால் அறுவைக்கு அனுப்பும் ஏற்பாட்டை இப்போதே செய்யுங்கள்.

பயிற்சி

வெறும் நடைப்பயிற்சி தள்ளாமைக்குப் போதாது. கால் தசையில் வலு இல்லாதவரை நடக்கச் சொன்னால் விழுவதற்கான வாய்ப்பைத்தான் கூட்டுகிறோம். முதலில் வலு, கூடவே சமநிலை, அதன் பிறகே நடை. பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் சராசரி 87 வயதுள்ள 100 பேருக்குப் பத்து வாரம் கடினமான தசைவலுப் பயிற்சி கொடுத்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில் தசைவலு இரு மடங்குக்கு மேல் கூடியது. சத்துணவு மட்டும் கொடுத்த குழுவில் அந்த மாற்றம் இல்லை. ‘இந்த வயசுல எதுக்குங்க’ என்று குடும்பம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. 45 நிமிடத்தில் 5 நிமிடம் உடலைச் சூடேற்றல், 20 நிமிடம் வலு, 10 நிமிடம் சமநிலை, மீதி நடை. ஒரு குழுவில் 6 முதல் 8 பேர், பணியாளர் இருவர். ஒருவர் முன்னால் செய்து காட்டுவார். இன்னொருவரின் வேலை சாய்கிறவரைப் பிடிக்கத் தயாராகப் பின்னால் நிற்பது மட்டுமே. ஆள் போதவில்லை என்று இரண்டாமவரை நீக்கும் நாளில்தான் யாராவது விழுவார்கள்.

வலுவுக்கு ஐந்து அசைவு போதும்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுதல், பிடித்து நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குதல், குதிகாலைத் தூக்குதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல். எழ முடியாதவருக்கு இருக்கையின் மேல் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்; வாரா வாரம் ஒரு மடிப்பைக் குறையுங்கள். கணுக்காலில் கட்ட அரைக் கிலோ மணல் பை ஊர்த் தையல்காரரே தைத்துத் தருவார். தையலை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள், எடைத் தராசில் நிறுத்து எண் எழுதுங்கள்.

எவ்வளவு கடினமாகச் செய்வது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. பாவம் வயசானவங்க என்று லேசாகவே 24 வாரமும் ஓட்டிவிடுகிறார்கள், தசை அப்படியே இருக்கிறது. “சும்மா உக்காந்திருந்தா 0, இனி ஒரு தடவைகூட முடியாதுன்னா 10. இப்ப எவ்வளவு?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் 5–6, அதன் பிறகு 7–8. எட்டு எட்டாக ஒரு சுற்றில் தொடங்கி, இரண்டு சுற்றாக்குங்கள். 12 தடவை செய்வது அடுத்தடுத்த இரண்டு நாளும் எளிதாக இருந்தால் அரைக் கிலோ கூட்டுங்கள். மூச்சை அடக்கித் தூக்க விடாதீர்கள். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வைத்தால் மூச்சு தானாக வரும். மறுநாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ வலி இரண்டு நாளைத் தாண்டினாலோ எடையைப் பாதியாக்குங்கள்.

சமநிலைக்குக் கால்களைச் சேர்த்து நிற்பது, அரையடி முன்னால் வைத்து நிற்பது, ஒரே கோட்டில் வைத்து நிற்பது, ஒற்றைக்கால் என்று ஏற்றுங்கள். சுவரோரம், வெறுங்காலோடு செய்யட்டும், ரப்பர் செருப்பு வேண்டாம். தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் உள்ள நம் ஊரில், விழுந்தால் எழுந்திருக்கும் முறையையும் எட்டாவது வாரத்துக்குப் பிறகு கற்றுக் கொடுங்கள்: ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து எழுவது. விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் கிடக்கும் பயம் பலரை வீட்டுக்குள் முடக்கிவைக்கிறது.

இடம் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கட்டும். கோயில் மண்டபம், அங்கன்வாடி, நூலகக் கட்டடம் எதுவானாலும் சரி, கழிப்பறை இருக்க வேண்டும். இது இல்லாததால் வராமல் போகும் பெண்கள் காரணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

புரதம்

தள்ளாமை உள்ளவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் என்று வையுங்கள். 45 கிலோ உள்ள ஒரு பாட்டிக்கு 54 கிராம். 200 கிராம் அரிசியில் சுமார் 14, சாம்பாரில் 30 கிராம் பருப்பில் 6.5, இரண்டு முட்டையில் 12, ஒரு டம்ளர் பாலில் 6.5, 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கூட்டினால் 52, மோரில் மிச்சம் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவருக்கு 25 கிராம் சோயா உருண்டை ஏறக்குறைய அதே 12 கிராமைத் தரும்.

பல் இல்லாதவரிடம் சுண்டலைக் கொடுத்துப் பயனில்லை. வேகவைத்து மசிக்கவோ, கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கவோ சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முட்டை பேரப்பிள்ளைக்குப் போய்விடும். அதைக் குறை சொல்லாதீர்கள், எந்தப் பாட்டியும் அப்படித்தான் செய்வார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே சாப்பிட வைத்துவிடுங்கள். கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதத்தைக் கூட்டக் கூடாது. தொடக்கத்திலேயே கிரியாட்டினின் பாருங்கள்.

அளவீடு

முதன்மை அளவீடாக ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எஸ்.பி.பி.பி. தேர்வுக்கு ஒரு நாற்காலி, டேப், ஸ்டாப்வாட்ச் போதும். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி, மொத்தம் 12.

நிற்பது: கால்களைச் சேர்த்து 10 நொடி நின்றால் 1, அரைக்கால் முன்வைத்து 10 நொடிக்கு 1, ஒரே கோட்டில் 10 நொடிக்கு 2 (3 நொடி முதல் 10 நொடிக்குள் என்றால் 1). நடை: 4 மீட்டரை 4.82 நொடிக்குள் கடந்தால் 4 புள்ளி, 6.20 வரை 3, 8.70 வரை 2, அதற்கு மேல் 1. நாற்காலி: ஐந்து தடவை எழுந்து உட்கார 11.19 நொடிக்குள் 4, 13.69 வரை 3, 16.69 வரை 2, 60 நொடி வரை 1.

சொல்லும் சொல்லையும் எழுதி வைத்து எல்லோரிடமும் அதையே சொல்லுங்கள். “அம்மா, கடைக்குப் போற மாதிரி எப்பவும் நடக்கிற வேகத்துல நடங்க” என்று ஒருவர் சொல்லி, “சீக்கிரம் நடங்கம்மா” என்று இன்னொருவர் சொன்னால் இரண்டு வேறு தேர்வுகள் ஆகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். சுவரில் முட்டுக் கொடுத்து வையுங்கள். ஊருக்கு ஊர் உயரம் மாறாமல் 43–45 செ.மீ. உள்ள ஒரே நாற்காலியைக் கொண்டு போங்கள். 4 மீட்டர் கோடு முடியும் இடத்துக்கு அப்பால் இன்னும் ஒரு மீட்டர் இடம் விடுங்கள், இல்லையேல் முடிவுக் கோட்டுக்கு முன்பே நடையைக் குறைத்துவிடுவார்கள்.

‘முடியவில்லை’ என்றால் 0 எழுதுங்கள். கட்டத்தை வெற்றாக விட்டுவிடுவது இந்தத் துறையின் மிகக் கெட்ட பழக்கம். வெற்றுக்கட்டம் கணக்கில் ‘தகவல் இல்லை’ ஆகி அவரையே நீக்கிவிடும். எழ முடியாதவர்கள் எல்லாம் நீங்க, குழுவின் சராசரி உயர்ந்து, திட்டம் வென்றதாகத் தெரியும்.

விழுதலை ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து கேட்காதீர்கள். மாதம் ஒரு நாட்காட்டித் தாள் கொடுத்து, விழுந்த நாளில் வட்டம் போடச் சொல்லுங்கள், பேரப்பிள்ளை போட்டாலும் சரி. தாளை மாதக் கடைசியில் வாங்குங்கள். “தடுக்கினேன், உக்காந்துட்டேன்” என்பதும் விழுதல்தான் என்று முன்பே விளக்குங்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு குழு

‘முன்பு 6 புள்ளி, இப்போது 7’ என்பது சான்றாகாது. உடம்பு சரியில்லாத வாரத்தில் அளந்து சேர்த்தவர் பயிற்சியே இல்லாமலும் தேறியிருப்பார். நாற்காலித் தேர்வை இரண்டாம் தடவை செய்யும்போது பழக்கத்தாலேயே வேகம் கூடும். சித்திரை வெயிலில் அளந்துவிட்டு ஐப்பசியில் அளந்தால் பருவமும் சேர்ந்துகொள்ளும். ஒப்பீட்டுக் குழுவை அதே வாரங்களில் அளந்தால்தான் இவையெல்லாம் கழியும்.

ஒரே தெருவில் பாதிப் பேருக்குப் பயிற்சி, மீதிப் பேருக்கு இல்லை என்பது நடக்காது, பக்கத்து வீட்டார் பார்த்துச் செய்வார்கள். ஆகவே ஊர்களையே குலுக்கிப் பிரியுங்கள். எல்லா ஊரிலும் ஆள் சேர்த்து, முதல் அளவீட்டை முடித்த பிறகே குலுக்க வேண்டும். எந்த ஊருக்குப் பயிற்சி என்று முன்பே தெரிந்தால் ஊக்கமுள்ளவர்களையே சேர்க்கத் தோன்றும். ஒப்பீட்டு ஊர்களையும் வெறுங்கையோடு விடாதீர்கள். மாத்திரைப் பரிசோதனை, கண்புரை அறுவைக்கு அனுப்புதல், மாதம் ஒரு நலக்கல்விக் கூட்டம் இரு பக்கமும் இருக்கட்டும். அமெரிக்காவில் 1,635 பேருடன் நடந்த லைஃப் ஆய்விலும் ஒப்பீட்டுக் குழுவுக்கு நலக்கல்வி வகுப்பு இருந்தது. சராசரி 2.6 ஆண்டில் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 35.5 சதவீதம் என்று 2014-இல் வெளியிட்டார்கள். நல்ல பயிற்சியின் பலன் இந்த அளவில்தான் இருக்கும். அதிசயத்தை எதிர்பார்த்துச் சிறிய ஆய்வு போடாதீர்கள்.

எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கு. எஸ்.பி.பி.பி.யில் 1 புள்ளி வேறுபாடு முதியவரின் வாழ்க்கையிலேயே உணரத்தக்கது. திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் புள்ளி சிதறும் அளவு) 2.5 என்று கொண்டால், 80 சதவீதத் திறனுக்கு, அதாவது உள்ள வேறுபாட்டை ஆய்வு பிடித்துவிடும் வாய்ப்பு 80 சதவீதமாக இருக்க, குழுவுக்கு 98 பேர் வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் இதைப் பெருக்க வேண்டும்: ஊருக்கு 12 பேர், உள்தொடர்புக் கெழு (அந்த ஒத்திருப்பின் அளவு) 0.05 என்றால் 1 + 11 × 0.05 = 1.55. ஆக 152 பேர், அதாவது பக்கத்துக்கு 13 ஊர். ஐந்தில் ஒருவர் இறப்பாலோ இடம்பெயர்வாலோ விடுபடுவார் என்று வைத்து ஊருக்கு 15 பேரைச் சேர்த்தால் பக்கத்துக்கு 195, மொத்தம் 390.

இவ்வளவு பெரிய வேலைக்கு முன் இரண்டு ஊரில் 25 பேரோடு எட்டு வாரம் ஒத்திகை பாருங்கள். பலனைத் தேட அல்ல. தகுதியுள்ளவர்களில் பாதிப் பேராவது சம்மதிக்கிறார்களா, மூன்றில் இரண்டு வகுப்புக்கு வருகிறார்களா, அளவீடு முழுமையாக முடிகிறதா என்று பார்க்கத்தான். நெறிமுறைக் குழு ஒப்புதலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவும் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் சரி என்றதாலேயே பாட்டி சரி என்றதாகாது. மகன் தலையாட்டினாலும் பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள்.

நடக்கும்போதும் முடியும்போதும்

அளப்பவருக்கு எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது. மணல் பைகளை மறைத்து வையுங்கள், அளவீட்டை வேறு இடத்தில் நடத்துங்கள். “பயிற்சி பத்தி எங்கிட்ட சொல்லாதீங்கம்மா” என்று அவர் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். யாராவது சொல்லிவிட்டால் அதையும் குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் யார் வந்தார், எத்தனை கிலோ, எத்தனை தடவை, கடினம் எவ்வளவு என்று பதியுங்கள். பத்தில் ஒரு வகுப்பை மேற்பார்வையாளர் சொல்லாமல் போய்ப் பார்க்கட்டும். பலன் இல்லை என்று கடைசியில் வந்தால், பயிற்சி பயன்படவில்லையா, பயிற்சியே நடக்கவில்லையா என்பதை இந்த ஏடுதான் சொல்லும். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவர் வீட்டுக்கு மறுநாளே போங்கள். காய்ச்சல் முடிந்து வருபவரைப் பழைய எடையில் தொடங்கவிடாமல் பாதியில் தொடங்குங்கள். பயிற்சிக்கு வருகிறவர்களை வாரம் மூன்று முறை பார்ப்பதால் அவர்களுடைய வலியும் விழுதலும் அதிகம் பதிவாகும். ஆகவே பாதகங்களை இரு பக்கமும் ஒரே இடைவெளியில், ஒரே கேள்வியால் கேட்க வேண்டும்.

கடைசி அளவீட்டுக்கு மையத்துக்கு வர முடியாதவரை வீட்டில் போய் அளங்கள். வண்டிச் செலவை ஆரம்ப மதிப்பீட்டிலேயே சேர்த்து வையுங்கள். கணக்கில் ஒவ்வொருவரும் அவர் ஊருக்குக் குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஒரு வகுப்புக்கும் வராதவராக இருந்தாலும். ஊர்வாரித் தொகுப்பைக் கணக்கிடும் முறையையே பயன்படுத்துங்கள். விழுதல் எண்ணிக்கையைச் சராசரி போட்டு ஒப்பிடாதீர்கள். ஒருவரே இருபது முறை விழுந்திருப்பார். இப்படிச் சிலரிடம் குவியும் எண்ணிக்கைகளுக்கான நெகடிவ் பைனாமியல் என்ற புள்ளியியல் முறை அதற்குப் பொருந்தும்.

இறந்தவர்களை என்ன செய்வது என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். 390 தள்ளாதவர்களை ஆறு மாதம் தொடர்ந்தால் சிலர் இறப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு உயிரோடு இருப்பவர்களின் புள்ளியை மட்டும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் அதிகம் இறந்ததோ அந்தப் பக்கமே நன்றாகத் தேறியதாகத் தோன்றக்கூடும். ‘உயிரோடும் உதவியின்றி நடமாடியும் இருப்பவர்’ என்ற ஒரே முடிவை இரண்டாம் அளவீடாக வைத்தால் எல்லோரும் கணக்கில் இருப்பார்கள். வெளியிடும் அறிக்கையின் முதல் படத்தில் எத்தனை கதவு தட்டினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், யார் எந்த வாரத்தில் ஏன் நின்றார்கள் என்பது முழுதாக இருக்கட்டும்.

அறிக்கை அச்சுக்குப் போகும் முன்பே மணல் பைகளை ஒப்பீட்டு ஊர்களுக்கு எடுத்துப் போங்கள். பலன் உண்டென்றால் அங்கேயும் 24 வாரம் நடத்துவதாகத் தொடக்கத்தில் சொல்லியிருப்பீர்கள், அதற்கான பணத்தையும் ஒதுக்கியிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் காத்திருக்க அதிக மாதம் இல்லை.